ஷோஜோ மங்கா வாசகர் தன் முதல் கதையை எழுதி முடிக்க: 32 பக்கம், எட்டு வாரம்

ஜப்பானியச் சிறுமியர் காமிக்ஸான ஷோஜோ மங்காவைப் படித்துவிட்டு, "நானும் ஒன்று எழுதணும்" என்று நோட்டைத் திறப்பவர்களில் பலர் மூன்றாவது பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். திறமை இல்லாததால் அல்ல. இருபது தொகுதித் தொடரைப் படித்த மயக்கத்தில் இருபது தொகுதிக்கான கதையையே தொடங்குகிறார்கள். பெரிய கண், பறக்கும் பூ, மாலுமி பாணிப் பள்ளிச் சீருடை என்று மேல்பூச்சை எடுத்துக்கொண்டு, உள்ளே நடக்கும் வேலையை விட்டுவிடுகிறார்கள். அந்த வேலை என்ன, அதை எப்படிக் கழற்றிப் பார்ப்பது, அதை வைத்து 32 பக்கக் கதை ஒன்றை எப்படி முடித்து வேறொருவர் கையில் கொடுப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். வரையத் தெரியாதவர்களும் 6ஆம் படி வரை இதை அப்படியே பின்பற்றலாம். உரைநடையில் எழுதப் போகிறவர்கள் 7ஆம் படிக்குப் போகட்டும். வரையப் போகிறவர்கள் 8ஆம் படிக்குத் தாவலாம்.

அடிக்கடி வரும் மூன்று சொற்கள். யோமிகிரி என்றால் ஒரே இதழில் தொடங்கி அதிலேயே முடியும் தனிக்கதை. நேம் என்பது கட்டம், வசனம், ஆள் நிற்கும் இடம் மூன்றை மட்டும் கிறுக்கி வைக்கும் வரைவு. 'பெயர்' என்று மொழிபெயர்த்துக் குழம்ப வேண்டாம். மெகுரி என்பது பக்கத்தைப் புரட்டும் கணம். (மங்கா என்றே எழுதிப் பழகுங்கள். மாங்கா என்று எழுதினால் உப்பும் மிளகாய்த்தூளும் தேட வேண்டியிருக்கும்.)

1. செலவும் நேரமும்

எழுதி முடிக்கும் வரை பெரிய செலவு இல்லை. ஜப்பானில் ஷோஜோ தொகுதி ஒன்று புதிதாக ஏறக்குறைய 500 முதல் 600 யென். பழைய புத்தகக் கடைகளில் 110, 220 யென் தட்டுகளில் ஷோஜோ தொகுதிகள் குவிந்திருக்கும். மூன்று தொகுதி, ஒரு கட்டு ஏ4 வெள்ளைத்தாள், பென்சில், இரண்டு நிற மார்க்கர். எல்லாம் சேர்ந்து 3,000 யென்னுக்குள் அடங்கும். வரையும் மென்பொருளை இப்போது வாங்காதீர்கள். நேம் முடியும் முன்பு கிளிப் ஸ்டூடியோ வாங்கியவர்கள் தூரிகையை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே மாதத்தைக் கழிப்பார்கள்.

நேரக் கணக்கு: முதல் வாரம் பிரித்துப் படிக்க, இரண்டாவது வாரம் குரல் பயிற்சிக்கு, மூன்றாவது வாரம் கருவுக்கும் சுருக்கத்துக்கும், நான்கும் ஐந்தும் நேமுக்கு, ஆறாவது வாரம் காட்டித் திருத்த, ஏழும் எட்டும் உரைநடைக்கு. இது தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவருக்கான கணக்கு. வரையப் போகிறவர் நாளுக்கு ஒரு பக்கம் என்று போனாலும் மேலும் ஐந்து வாரம் வேண்டும். புதியவர்களால் நாளுக்கு ஒரு பக்கம் பெரும்பாலும் முடியாது.

2. எந்தக் கதையைப் பிரிப்பது

உங்களுக்கு உயிரான நெடுந்தொடரை எடுக்காதீர்கள். தொடரின் முதல் அத்தியாயம் அடுத்த மாதம் வாசகரை வரவழைக்கும் விதமாகக் கட்டப்பட்டது. அதைப் பார்த்து எழுதினால் உங்கள் கதையும் முடியாமல் தொங்கும். யோமிகிரி ஒன்றை எடுங்கள். நீளம் 30 முதல் 40 பக்கம் இருக்கட்டும். இதற்காகத் தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை. பல ஷோஜோ தொகுதிகளின் கடைசியில், பக்கத்தை நிரப்ப, அதே ஆசிரியரின் பழைய தனிக்கதை ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். பலர் படிக்காமல் தாண்டும் அந்தக் கதைதான் உங்கள் பாடப்புத்தகம். பெரும்பாலும் அது அவர் புதியவராக இருந்தபோது எழுதியது. தையல் வெளியே தெரியும், அதனால் கற்க எளிது.

இங்கே மூன்று பொறிகள் உண்டு.

போனில் ஒற்றைப் பக்கமாகப் படித்தால் எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கங்களின் உறவு தெரியாது. ஷோஜோ பக்கம் இரண்டு பக்கத்தை ஒரே தாளாக நினைத்து அமைக்கப்படுவது. அச்சுப் புத்தகம் எடுங்கள், அல்லது டேப்லெட்டைக் கிடையாகப் பிடித்து இரட்டைப் பக்கக் காட்சியில் படியுங்கள்.

திருட்டுத்தனமாக மொழிபெயர்த்துப் பரவும் பிரதிகளில், வசனம் இருக்கும் குமிழான பலூனுக்கு வெளியே இருக்கும் சிறு எழுத்துகள் அடிக்கடி விடுபட்டிருக்கும். நாம் கற்கப் போவதே அந்த எழுத்துகளைத்தான்.

தொகுதியில் சில பக்கங்களில், ஓரத்தில் கால்வாசி இடம் ஒதுக்கி, ஆசிரியர் தன் பூனையைப் பற்றியோ ஜலதோஷத்தைப் பற்றியோ அரட்டை அடித்திருப்பார். இதழில் வந்தபோது அங்கே விளம்பரம் இருந்தது. அந்தப் பக்கத்தின் கட்டங்கள் குறுகலாக இருப்பது விளம்பரத்துக்காக. கலை நுட்பம் என்று நினைத்து அதை நகலெடுக்காதீர்கள்.

ஜப்பானில் இருப்பவர்களுக்குப் புத்தகம் வாங்காமல் படிக்கும் வழியும் உண்டு. கியோட்டோ சர்வதேச மங்கா அருங்காட்சியகம் பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் 2006இல் திறக்கப்பட்டது. சுமார் 50,000 தொகுதிகள் திறந்த அலமாரியில் இருக்கின்றன, நுழைவுச் சீட்டு மட்டும் வாங்கினால் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். டோக்கியோவில் மெய்ஜி பல்கலைக்கழகத்தின் யோனெசாவா யோஷிஹிரோ நினைவு நூலகத்தில் பழைய இதழ்களையே பார்க்கலாம். தொகுதியாவதற்கு முன் கதை இதழில் எப்படி இருந்தது என்று பார்க்க அது நல்ல இடம்.

3. கழற்றிப் பார்ப்பது: பக்கத்துக்கு ஒரு வரி

ஒரு தாளில் 32 வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் அந்தப் பக்கத்துக்கு இவற்றை எழுதுங்கள்: எத்தனை கட்டம், எத்தனை பலூன், பலூனுக்கு வெளியே எத்தனை வரி, யாரும் பேசாத கட்டம் எத்தனை, பின்னணி இருக்கிறதா வெறும் வெள்ளையா, பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் என்ன. ஒரு கதைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். சலிப்பான வேலைதான். இதைச் செய்யாமல் தாண்டினால் அடுத்த படிகள் எல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

எண்ணி முடித்ததும் மூன்று விஷயம் கண்ணில் படும்.

முதலாவது, கட்டங்களின் எண்ணிக்கை சீராக இருக்காது. சாதாரணப் பக்கம் நாலு, அஞ்சு, ஆறு கட்டம். மனசு அசையும் பக்கத்தில் ஒன்று, இரண்டு. அதற்கு முந்தைய பக்கத்தில் கட்டங்கள் வழக்கத்தைவிட நெருக்கமாக இருக்கும். நெருக்கினால்தான் திறந்தது தெரியும்.

இரண்டாவது, பின்னணி காணாமல் போகும் இடம். வகுப்பறை, ஜன்னல், மேசை எல்லாம் வரைந்திருந்த ஒருவர் ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முகத்தை மட்டும் வெள்ளையில் விடுகிறார் என்றால், அந்த நொடியில் நாயகிக்குச் சுற்றுப்புறம் தெரியவில்லை என்று அர்த்தம். பூவும் ஒளிப்புள்ளியும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அவன் அழகன் என்று அவை சொல்வதில்லை. இப்போது நாம் அவள் கண் வழியே பார்க்கிறோம் என்று சொல்கின்றன. இந்த ஒரு விஷயம் பிடிபட்டாலே ஷோஜோவின் பாதி புரிந்த மாதிரி.

மூன்றாவது, மெகுரி. ஜப்பானியப் புத்தகம் வலப்புறம் கட்டியது. முதல் பக்கம் இடப்பக்கத்தில் வரும். அதனால் இரட்டைப்படைப் பக்கம் வலது, ஒற்றைப்படை இடது. வாசகர் புரட்டுவது ஒற்றைப்படைப் பக்கம் முடிந்த பிறகு. கேள்வி, கதவு திறக்கும் சத்தம், "ஏய்" என்று யாரோ கூப்பிடுவது போன்ற தூண்டில் எல்லாம் ஒற்றைப்படைப் பக்கத்தின் இடது கீழ் மூலையில் இருக்கும். விடை புரட்டிய உடன் இரட்டைப்படைப் பக்கத்தின் மேலே வரும். உங்கள் பட்டியலில் 3, 5, 7 என்று ஒற்றைப்படை வரிகளை மட்டும் மார்க்கரால் தடவிப் பாருங்கள். வரிசை தெரியும்.

4. மூன்று குரல்

ஷோஜோவில் ஒருத்தியின் குரல் மூன்று இடத்தில் வரும். பலூனுக்குள் வெளியே கேட்கும் பேச்சு. மேகம் போன்ற பலூனிலோ தலைக்குப் பக்கத்தில் சிறு எழுத்திலோ அந்த நொடியின் எண்ணம். பலூன் எதுவும் இல்லாமல், படத்தின் மேலே மிதக்கும் தனிமொழி. அச்சில் இவற்றுக்கு எழுத்துருவே மாறும். பேச்சுக்குக் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) தடித்த கோதிக் எழுத்துருவிலும் கானா (ஒலியைக் குறிக்கும் எழுத்து) ஆன்டிக் எழுத்துருவிலும் கலந்து வரும். தனிமொழி பெரும்பாலும் மெல்லிய மின்சோவில் இருக்கும்.

புதியவர்கள் எண்ணத்தையும் தனிமொழியையும் ஒன்றாக்கிவிடுவார்கள். வேறுபாடு காலத்தில் இருக்கிறது. எண்ணம் இப்போது நடப்பது. தனிமொழி பெரும்பாலும் பிறகு ஒருநாள் திரும்பிப் பார்ப்பது. நாயகிக்குத் தெரியாத ஒன்று தனிமொழியில் பேசுபவளுக்குத் தெரியும். வாசகரின் தொண்டையை அடைப்பது அந்த இடைவெளிதான்.

ஒரே காட்சியில் மூன்றையும் எழுதிப் பாருங்கள். ரயில் நிலைய வாசல், மழை:

பேச்சு: "குடை இல்லையா?" "இருந்துச்சு. கிளாஸ்லயே விட்டுட்டேன்."

எண்ணம்: பைக்குள்ளதான் இருக்கு. பிடி வெளிய தெரியக் கூடாது.

தனிமொழி: அன்று மழை இன்னும் பத்து நிமிடம் பெய்திருந்தால், அவன் ஊரை விட்டுப் போவதை அவன் வாயாலேயே கேட்டிருப்பேன்.

பேச்சு பொய் சொல்கிறது, எண்ணம் அதைப் போட்டுக் கொடுக்கிறது, தனிமொழி இரண்டுக்கும் தெரியாததைச் சொல்கிறது. மூன்றும் ஒரே தகவலைச் சொன்னால் இரண்டை அழித்துவிடுங்கள்.

தமிழில் எழுதுபவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் நம்மிடம் ஏற்கெனவே தனித்தனி. பேச்சும் எண்ணமும் பேச்சுத் தமிழில், தனிமொழி எளிய எழுத்துத் தமிழில் என்று பிரித்துக்கொண்டால், எழுத்துருவை மாற்றாமலே வாசகருக்குக் குரல் மாறுவது கேட்கும். தனிமொழியைச் செந்தமிழுக்கு ஏற்றிவிடாதீர்கள். பதினாறு வயதுப் பெண் பட்டிமன்றத்தில் பேசுவது போலாகிவிடும்.

இன்னொன்று, விளி. ஜப்பானிய மாணவர்கள் ஒருவரை ஒருவர் குடும்பப் பெயரோடு 'சான்' அல்லது 'குன்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். அது ஒருநாள் வெறும் இயற்பெயராக மாறுவது ஷோஜோவில் முத்தத்துக்குச் சமமான சம்பவம். சில கதைகளில் 32 பக்கமும் அதற்காகவே ஓடும். ஜப்பானைக் களமாக வைத்துத் தமிழில் எழுதினால் 'சான்', 'குன்'னை அப்படியே விடுங்கள். தமிழ்நாட்டுக் களம் என்றால் 'நீங்க' 'நீ' ஆகும் இடம், 'டா' முதல் தடவை விழும் இடம் அதே வேலையைச் செய்யும். அந்த இடம் எந்தப் பக்கத்தில் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கு முன் ஒருமுறைகூட வாய் தவறி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி: இந்த வாரம் தினமும் ஒரு காட்சி, மூன்று குரலில், மொத்தம் 60 சொல்லுக்குள். ஏழு காட்சி சேர்ந்ததும் அவற்றில் ஒன்று கதையாகக் கேட்கும். கேட்காவிட்டால் இன்னொரு வாரம்.

5. கருவும் பக்கக் கணக்கும்

32 பக்கத்தில் அடங்குவது இவ்வளவுதான்: ஒரு நாயகி, அவளுக்கு வேண்டிய ஒன்று, அதை அவள் வாய்விட்டுக் கேட்க முடியாத காரணம், ஒரு பருவம். பெயருள்ள ஆட்கள் மூன்று பேர் போதும். நாலாவது ஆள் வந்தால் அவருக்கு முகம் வேண்டும், வசனம் வேண்டும், நாலு பக்கம் போய்விடும்.

முழுக் கரு இந்தக் காரணத்தில்தான் நிற்கிறது. 'வெட்கம்' என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள், அது காரணம் ஆகாது. அவன் அவளுடைய தோழிக்கு விருப்பமானவன், அவள் ஒருமுறை சொன்ன பொய் வெளியே வந்துவிடும், அடுத்த மாதம் பள்ளி மாறுகிறாள் என்று கையால் தொடக்கூடியதாக இருக்கட்டும்.

பருவத்துக்கு ஜப்பானியப் பள்ளி நாட்காட்டியே கதைச் சக்கரம். ஏப்ரலில் சேர்க்கை விழா, ஜூலை 7 தனபாதா என்ற நட்சத்திர விழா, கோடையில் வாணவேடிக்கை, இலையுதிர்காலத்தில் பள்ளிப் பண்பாட்டு விழா, பிப்ரவரி 14 சாக்லேட், மார்ச் 14 அதற்குப் பதில் பரிசு, மார்ச்சில் பட்டமளிப்பு. ஒவ்வொன்றும் கெடு நாள். கெடு இருந்தால் கதை தானாக நகரும். ஆனால் களம் தெரியாமல் எழுதினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். வாசலில் காலணியை அலமாரியில் வைத்து உள்காலணிக்கு மாறுவது, வகுப்பறையை மாணவர்களே பெருக்கித் துடைப்பது, கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவது போன்றவை ஒன்று தப்பினாலும் மங்கா வாசகர் உடனே கண்டுபிடிப்பார். உங்களுக்குத் தெரிந்த ஊரின் கெடுவை எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை. அரசுத் தேர்வின் கடைசி நாள் எந்தப் பட்டமளிப்புக்கும் குறைந்ததல்ல.

பக்கப் பங்கீட்டுக்கு ஜப்பானியர் சொல்லும் கி, ஷோ, டென், கெட்சு என்ற நாலு பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்:

கி, பக்கம் 1 முதல் 4: யார், என்ன வேண்டும். தலைப்புப் பக்கமும் இதற்குள்.
ஷோ, 5 முதல் 15: நெருங்குவது. 15இன் கடைசிக் கட்டத்தில் தூண்டில்.
டென், 16 முதல் 27: திருப்பம், விலகல், சொல்லும் இடம். இரண்டு பக்கம் விரியும் பெரிய படம் ஒன்று வேண்டும் என்றால் 26–27.
கெட்சு, 28 முதல் 32.

32ஆம் பக்கம் புரட்டிய பிறகு வலப்பக்கத்தில் தனியே நிற்கும். அதில் புதுத் தகவல் வைக்காதீர்கள். ஒரு படம், ஒரு வரி. 31இலேயே கதை முடிந்திருக்க வேண்டும்.

இந்தப் பங்கீட்டை வைத்து ஒரு பக்கச் சுருக்கம் எழுதுங்கள். முடிவையும் சேர்த்து, 150 முதல் 200 சொல். "பிறகு என்ன நடக்கிறது என்பதே கதை" என்று முடித்தால் அது பின்னட்டை வாசகம். முடிவு தெரியாமல் நேமுக்குப் போனால் 20ஆம் பக்கத்தில் நின்றுவிடுவீர்கள்.

6. நேம்

முதலில் சிறுபடம். ஏ4 தாளைக் கிடையாக வைத்து மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம், அதாவது நாலு ஜோடி. 32 பக்கத்துக்கு நாலு தாள் போதும் என்று தோன்றும், போதாது. முதல் பக்கம் இடதில் தனியாகவும் கடைசிப் பக்கம் வலதில் தனியாகவும் நிற்பதால் 17 ஜோடி ஆகிறது. ஐந்து தாள் எடுங்கள். நாலு தாளில் அடக்க நினைத்து 1, 2 என்று ஜோடி சேர்த்தால் மெகுரி மொத்தமும் ஒரு பக்கம் தள்ளிப்போகும்.

சிறுபடத்தில் முதலில் ஒற்றைப்படைப் பக்கங்களின் கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்புங்கள். பதினாறு தூண்டில். அடுத்து 16, 26, 32. மீதி அதற்குப் பிறகு.

இது நின்றதும் ஒரு ஜோடிக்கு ஒரு ஏ4 என்று 17 தாளில் உண்மையான நேம். ஆள் வெறும் வட்டத் தலையும் குச்சி உடம்புமாக இருக்கலாம், ஆனால் கண் எங்கே பார்க்கிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டுங்கள். வசனத்தை முழுசாக, இறுதி வடிவத்தில் எழுதுங்கள். 'இங்கே சண்டை போடுகிறார்கள்' என்று குறித்துவிட்டு நகர்வதுதான் நேமின் பெரிய ஏமாற்று.

தமிழில் எழுதுபவர் இங்கே ஒரு சிக்கலை எதிர்கொள்வார். ஜப்பானிய பலூன் செங்குத்து எழுத்துக்காக உயரமாக, ஒடுங்கி இருக்கும். 'சொல்லிக்கொண்டிருந்தேன்' என்ற ஒரே சொல் அதில் நுழையாது. பலூனைக் கிடையாக்குங்கள், ஒரு பலூனுக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம், பக்கத்துக்கு எட்டு பலூனுக்கு மேல் வேண்டாம். திசையும் அப்படித்தான். தமிழில் என்றால் இடமிருந்து வலம், இடப்புறம் கட்டிய புத்தகம் என்று வைத்துக்கொள்வதே மேல். அப்போது ஒற்றைப்படைப் பக்கம் வலதுக்கு மாறும், ஆனால் புரட்டுவது ஒற்றைப்படைக்குப் பிறகுதான். பக்கக் கணக்கு மாறாது, தூண்டில் மட்டும் வலது கீழ் மூலைக்குப் போகும். எழுத்து இடமிருந்து, கட்டம் வலமிருந்து என்று கலக்காதீர்கள், வாசகர் ஒவ்வொரு கட்டத்திலும் தடுக்கி விழுவார்.

முடித்த நேமை மூன்று நாள் மூடி வைத்துவிட்டு, மங்கா படிக்கும் ஒருவர், படிக்காத ஒருவர் என்று இரண்டு பேரிடம் கொடுங்கள். எதையும் விளக்காதீர்கள். எந்தப் பக்கத்தில் பின்னால் புரட்டுகிறார்கள் என்று பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பின்னால் போன இடம்தான் திருத்த வேண்டிய இடம். "நல்லா இருக்கு" என்ற கருத்தால் எந்தப் பயனும் இல்லை.

7. உரைநடைக்கு மாற்றுவது

இந்தப் பாதை புதிதல்ல. ஷோஜோ படைப்பாளி ஒஷிமா யுமிகோவின் மங்கா தன் எழுத்தைப் பாதித்ததை நாவலாசிரியர் யோஷிமோட்டோ பனானா வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஷூயெய்ஷா பதிப்பகம் 1976இல் தொடங்கிய கோபால்ட் புன்கோ நூல்வரிசை, சிறுமியருக்கான உரைநடையையே முழுநேர வேலையாகச் செய்தது.

32 பக்க நேம் தமிழில் 2,500 முதல் 3,500 சொல் கதையாகும். அதைவிட நீண்டால் படத்தை வருணித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். கட்டத்துக்கு ஒரு வாக்கியம் என்று நடையாய் நடக்காதீர்கள். சாதாரணப் பக்கத்தை இரண்டு வாக்கியத்தில் தாண்டுங்கள், ஒற்றைக் கட்டப் பக்கத்துக்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள். மெகுரி பத்தி உடையும் இடமாகிறது. தூண்டில் பத்தியின் கடைசி வாக்கியம், விடை அடுத்த பத்தியின் முதல் சொல்.

பின்னணி அழிவதை எப்படி எழுதுவது? 'சுற்றிப் பூக்கள் மலர்ந்தன' என்று எழுதினால் கேலியாகிவிடும். அந்த நொடியில் சத்தத்தை நிறுத்துங்கள், இடத்தைச் சொல்வதை நிறுத்துங்கள், ஒரே ஒரு சிறு பொருளை மிக அருகில் காட்டுங்கள். அவன் சட்டைக் கையின் இரண்டாவது பொத்தானில் நூல் நிறம் வேறு. அவ்வளவு போதும்.

தனிமொழியை அளந்து போடுங்கள். உரைநடையில் எல்லாமே அவள் குரல்தான் என்பதால் வழிந்துவிடும். கதை முழுக்க ஐந்து இடம், ஒவ்வொன்றும் தனி வரி. ஆறாவது வேண்டும் என்றால் முந்தையவற்றில் ஒன்றை வெட்டுங்கள்.

8. வரைந்து முடிப்பவர்களுக்கு அளவுகள்

இதழுக்கு அனுப்பும் அசல் பி4 தாளில் (257 × 364 மி.மீ.), உள்சட்டம் 180 × 270 மி.மீ. நீங்களே சிறுபிரதியாக அச்சிடுவது என்றால் ஏ4 தாளில் உள்சட்டம் 150 × 220 மி.மீ., வெட்டிய பிறகு பி5 (182 × 257 மி.மீ.). எழுத்து எதுவும் உள்சட்டத்துக்கு வெளியே போகக் கூடாது. விளிம்பு வரை போகும் படத்தை வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மி.மீ. நீட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைக் கீற்று விழும். டிஜிட்டலில் கறுப்பு வெள்ளை 600 டிபிஐ, வண்ணம் 350 டிபிஐ. சாம்பல் நிறம் காட்டும் புள்ளித் திரையைச் சுருக்கி அச்சுக்குக் கொடுத்தால் புள்ளிகள் அலையாகத் தெரியும், முதலிலேயே முழு அளவில் வரையுங்கள். மையில் தோய்த்து வரையும் நிப்புகளில், மயிரிழைக் கோட்டுக்கு மாரு பென், வெளிக்கோட்டுக்கு ஜி பென். கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் வாங்கினால், பல பக்கங்களை ஒரே கோப்பாக நிர்வகிக்கும் வசதி ஈஎக்ஸ் பதிப்பில்தான். 32 தனிக் கோப்புகளைச் சமாளிக்க முடியும் என்றால் ப்ரோ போதும்.

9. யாரிடம் கொடுப்பது

இதழ்களுக்கு: ஷோஜோ இதழ்கள் புதியவர்களுக்கு 'மங்கா பள்ளி' போன்ற போட்டிப் பகுதிகளை நடத்துகின்றன. பெஸ்ஸட்சு மார்கரெட், ஹனா டு யுமே, லாலா, ரிபோன் எல்லாவற்றிலும் உண்டு. வந்த கதைகளை வரிசைப்படுத்தி, குறைநிறை சொல்லுவார்கள். அந்த இதழின் மூன்று மாதப் பிரதிகளைப் படிக்காமல் அனுப்பாதீர்கள். ரிபோனின் வாசகி தொடக்கப்பள்ளியில் இருப்பவள், பெஸ்ஸட்சு மார்கரெட்டின் வாசகி அவளைவிட மூத்தவள், ஒரே கதை இரண்டுக்கும் ஆகாது. தலைப்பு, பக்க எண்ணிக்கை, புனைபெயர், உண்மைப் பெயர், வயது, முகவரி, தொலைபேசி, முன்பு அனுப்பிய விவரம் இவையே வழக்கமான ஆவணம். கதை ஜப்பானிய மொழியில் இருக்க வேண்டும்.

நேரில் காட்டுவதற்கு மோச்சிகோமி என்று பெயர். பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு போக வேண்டும், திடீரென்று வாசலில் நிற்கக் கூடாது. பதிப்பக ஆசிரியர் உங்கள் எதிரிலேயே வேகமாகப் படிப்பார். வேகத்தைப் பார்த்துத் துவண்டுவிடாதீர்கள், அது அவருக்குப் பழக்கம். அசலோடு நகலும் எடுத்துப் போங்கள், சொல்வதை நகலிலேயே குறித்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து அனுப்ப இரண்டு வழி. ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் 2007 முதல் நடத்தும் சர்வதேச மங்கா விருதுக்குக் கட்டணம் இல்லை. படைப்பு 24 பக்கமாவது இருக்க வேண்டும், கடந்த மூன்று ஆண்டுக்குள் உருவாக்கியதாக இருக்க வேண்டும். உங்கள் 32 பக்கம் தாராளமாக உள்ளே வரும். அந்த ஆண்டின் விதிமுறையில் மொழி பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். இன்னொன்று, கோஅமிக்ஸ் பதிப்பகம் நடத்தும் சைலன்ட் மங்கா ஆடிஷன் என்ற போட்டி. வசனமே கூடாது என்பதுதான் விதி. தனிமொழியை நம்பி வளர்ந்த ஷோஜோ ஆளுக்கு இது பட்டினி போடுவது மாதிரி. ஆனால் மெகுரியும் வெள்ளைப் பின்னணியும் தனியாக நிற்கின்றனவா என்று பார்க்க வேறு நல்ல சோதனை இல்லை.

டோக்கியோவில் இருந்தால் கோமிட்டியா. 1984இல் தொடங்கியது, சொந்தப் படைப்புகளுக்கு மட்டுமான சந்தை. பிறர் பாத்திரங்களை வைத்து எழுதியவை அங்கே செல்லாது. பதிப்பக ஆசிரியர்கள் மேசை போட்டு அங்கேயே படைப்புகளைப் பார்க்கும் பகுதியும் உண்டு. இடம் கேட்டுச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அப்போதே உங்கள் மேசைக்கான சிறு விளம்பரப் படத்தையும் கொடுக்க வேண்டும். கிடைப்பது அரை மேசை, சுமார் 90 × 45 செ.மீ.

அச்சிடும்போது தவறாமல் நடக்கும் பிழை பக்கக் கணக்கில்தான். ஜப்பானிய அச்சகங்கள் அட்டையின் நாலு பக்கத்தையும் சேர்த்து எண்ணும். உங்கள் 32 பக்கக் கதை அவர்களுக்கு 36 பக்கம். பக்க எண்ணையும் பெரும்பாலும் 3இல் தொடங்கச் சொல்வார்கள், ஒற்றைப்படை இரட்டைப்படை குலையாது, பயப்பட வேண்டாம். நடுவில் கம்பி தைக்கும் பிரதி நாலின் மடங்காக இருக்க வேண்டும். எண் தெரியக் கூடாத பக்கத்திலும் தையலோரம் மறைவாக எண் போட வேண்டும். கெடுவுக்கு முன்பே கோப்பைக் கொடுத்தால் தள்ளுபடி, கடைசி நிமிடத்தில் கொடுத்தால் கூடுதல் கட்டணம். முதல் தடவை 20, 30 பிரதிக்கு மேல் அச்சிடாதீர்கள். மீந்தவை உங்கள் அலமாரியில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

அனுப்பும் முன் இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள். பாத்திரம் பாட்டு முணுமுணுக்கிறது என்று உண்மையான பாடலின் வரிகளைப் போட்டால் அதற்கு அனுமதி வேண்டும். நீங்களே இரண்டு வரி எழுதிவிடுங்கள். விசாவில் இருப்பவர் பணம் வாங்கி விற்கும் முன் குடிவரவு அலுவலகத்தில் கேளுங்கள். மாணவர்களுக்குக் கிடைக்கும் வாரம் 28 மணி நேரப் பொது அனுமதி, நேரக் கணக்குள்ள வேலையை மனதில் வைத்தது. சொந்தமாக விற்பதும் அதில் அடங்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

சந்தை நாளன்று கொண்டுபோக: ஏற்பாட்டாளரிடம் கொடுக்க ஒரு மாதிரிப் பிரதி, மேசைத் துணி, தூரத்திலிருந்து தெரியும் விலைச்சீட்டு, 100 யென் நாணயம் முப்பது. விலையை 500 யென் என்று முழுசாக வையுங்கள், 450 என்று வைத்தால் பாதி நேரம் சில்லறை தேடுவதிலேயே போகும். புரட்டிப் பார்க்க ஒரு பிரதியைத் திறந்து வைக்கும்போது 1ஆம் பக்கத்தில் வேண்டாம், கதையின் 14–15 ஜோடியில் வையுங்கள். 15இன் தூண்டில் சரியாக விழுந்திருந்தால் நிற்பவர் கை தானாகப் புரட்டும்.